லாபத்துக்கு வெளியே ஓர் அளவுகோல்

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் கிறிஸ்தவக் கல்லூரி என்றதும் கூடவே வந்துவிடுகிற சொல் ‘ஒழுக்கம்’. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, திருச்சி தூய வளனார் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் சரி, வீட்டில் கும்பிடுகிற சாமி எதுவானாலும் சரி, பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று நினைக்கிற பெற்றோர் ஏராளம். வருகைப்பதிவில் கெடுபிடி, நேரத்துக்கு வகுப்பு, குறித்த நாளில் தேர்வு ஆகியவற்றின் மேல் வைத்த நம்பிக்கை அது. பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிப்புகளுக்கும் இதே நம்பிக்கையோடுதான் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் வணிகம் படிக்கிறவருக்கு இந்த ஒழுக்கம் எதற்கு உதவும் என்று கேட்டால் பதில் சுலபமாக வராது. பொய்க்கணக்கு எழுதுகிறவரும் காலையில் நேரத்துக்கு அலுவலகம் வந்து, மேலதிகாரிக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். கல்லூரி வாசலில் அடையாள அட்டையைக் காட்டிப் பழகியவர் நாளைக்கு முதலீட்டாளர்களை ஏமாற்றமாட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

அப்படியானால் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிப்பதால் தனியாக என்ன கிடைக்கிறது? என் கணிப்பில், நல்லவர்களை உருவாக்கித் தரும் என்ற எதிர்பார்ப்பை முதலில் கைவிட வேண்டும். அத்தகைய நிறுவனத்திடம் வேறொன்று இருக்கிறது. சந்தை சொல்லும் விலைக்கும் பங்குதாரர் கேட்கும் லாபத்துக்கும் வெளியே நின்று தொழிலை அளக்கிற ஓர் அளவுகோலை அது எழுத்தில் வைத்திருக்கிறது. அந்த அளவுகோலைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தால் படிப்புக்கு ஒரு தனி மதிப்பு உண்டாகிறது. கொண்டுவராவிட்டால் அது வளாகத்துக்குள் தேவாலயம் உள்ள இன்னொரு எம்.பி.ஏ. கல்லூரி, அவ்வளவுதான்.

மதத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். இன்று உலகம் முழுவதும் பி.காம். முதலாண்டு மாணவர்கள் முட்டிமோதிக் கற்கிற இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர்களுள் முதன்மையானவர் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி. 1494-இல் வெனிஸ் நகரில் வெளியான அவருடைய கணித நூலில் அது ஒரு பகுதி. வறுமையை விரதமாக ஏற்ற சபையைச் சேர்ந்தவர் வெனிஸ் வணிகர்களின் பற்று வரவை ஒழுங்குபடுத்தி எழுதியது வரலாற்றின் குறும்பு. அதே காலத்தில் திருச்சபை வட்டி வாங்குவதைப் பாவமாகக் கருதியது. அதே பிரான்சிஸ்கன் துறவிகள், ஏழைகள் கந்துவட்டியில் சிக்காமலிருக்கக் குறைந்த கட்டணத்தில் அடகுக் கடைகளையும் இத்தாலிய நகரங்களில் நடத்தினார்கள். செல்வர் இறையாட்சிக்குள் நுழைவதைவிட ஒட்டகம் ஊசிக்காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்ன உவமை ஒருபுறம், கடைத்தெருவை ஒதுக்கிவிட முடியாத நடைமுறை மறுபுறம். இந்த இழுபறி கிறிஸ்தவத்துக்குள் ஒருபோதும் தீர்ந்ததில்லை. தீராமல் இருந்ததுதான் நல்லது, ஏனென்றால் லாபத்தைக் கண்டால் கேள்வி கேட்கிற பழக்கம் அதனால்தான் தப்பிப் பிழைத்தது.

அந்தக் கேள்விகள் நவீன வடிவம் பெற்றது 1891 மே 15-இல். ஆலைத் தொழிலாளர்களின் நிலை குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை அன்று வெளியிட்டார். அது சோஷலிசத்தை நிராகரித்தது, தனிச்சொத்துரிமையை ஆதரித்தது. அதே மூச்சில், தொழிலாளி ஒப்புக்கொண்ட கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது என்றும் சொன்னது. வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிறவர் வன்முறைக்கு ஆளானவர் என்பது அதன் வாதம். சங்கம் சேரும் உரிமை இயற்கையானது என்றும் அது ஏற்றது. பொருளியல் பாடத்தில் கூலி என்பது தேவையும் வழங்கலும் சந்திக்கிற ஒரு புள்ளி; இந்தச் சுற்றுமடலின்படி அந்தப் புள்ளிக்குக் கீழே ஒரு தளம் இருக்க வேண்டும், அதில் ஒரு மனிதர் சிக்கனமாகவாவது வாழ முடிய வேண்டும். 1931-லும் 1991-லும் வெளிவந்த சுற்றுமடல்கள் இதைத் தொடர்ந்தன. 2012-இல் வத்திக்கானின் நீதி, அமைதிக்கான அவை தொழில் தலைவர்களுக்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டது. அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு நிர்வாகி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளின் பட்டியல் இருக்கிறது: பாதுகாப்பான வேலையிடம், வாழ்வதற்குப் போதுமான ஊதியம், சங்கமாகச் சேரும் வாய்ப்பு எல்லாம் என் ஊழியர்களுக்கு உண்டா என்ற கேள்வியும் அவற்றில் ஒன்று. 2025-இல் பதவியேற்ற திருத்தந்தை லியோ, தாம் அந்தப் பெயரைத் தேர்ந்ததற்கு 1891-ஆம் ஆண்டுச் சுற்றுமடலையே முக்கியக் காரணமாகச் சொன்னார். செயற்கை நுண்ணறிவு இன்னொரு தொழிற்புரட்சி என்பது அவர் பார்வை.

இவையெல்லாம் ரோமாபுரியின் காகிதங்கள். அவை இந்தியாவில் ஒரு வகுப்பறையாக மாறிய இடம் ஜாம்ஷெட்பூர். டாட்டா இரும்பு எஃகு ஆலை அங்கே 1912-லேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்திருந்தது. இருந்தும் 1920, 1922, 1928 ஆண்டுகளில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1928-இல் சுபாஷ் சந்திர போஸ் தொழிலாளர் பக்கம் தலைமை தாங்கினார். அந்த ஊரில், நாடு விடுதலையடைந்த இரண்டாம் ஆண்டில், அதாவது 1949-இல், அமெரிக்கச் சேசு சபைத் துறவியான குவின் என்ரைட் தொடங்கியதுதான் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. சேவியர் தொழிலாளர் உறவு நிறுவனம் என்பது அதன் முழுப்பெயரின் பொருள். (அந்தச் சேவியர், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களிடையே பணிசெய்த நம் சவேரியார்தான்.) ஆமதாபாதிலும் கொல்கத்தாவிலும் ஐ.ஐ.எம்.கள் வந்தது 1961-இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே மேலாண்மைக் கல்வியில் இறங்கிய இந்த நிறுவனம் கையில் எடுத்த முதல் பொருள் நிதியோ விற்பனையோ கிடையாது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவு. நிர்வாகத்தாருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் அங்கே பயிற்சி தரப்பட்டது. பேச்சுவார்த்தை மேசையின் இரு பக்கமும் உட்காரப் போகிறவர்களுக்கு ஒரே நிறுவனம் பாடம் சொல்வது மேலாண்மைக் கல்வியில் இன்றும் அபூர்வம். ஊதிய ஒப்பந்தத்தை எதிர்த்தரப்பின் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்தவரும், அதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக மட்டுமே பார்த்தவரும் ஒரே முடிவை எடுக்கமாட்டார்கள்.

இன்றைய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. அந்தத் தொடக்கத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. அங்கே முழுநேரம் படிப்பவர்களில் பெரும்பாலோர் மேசையின் நிர்வாகப் பக்கம் உட்காரப் போகிறவர்கள். ஆனாலும் பழைய அளவுகோலின் தடயங்கள் பாடத்திட்டத்தில் தெரிகின்றன. நெறியியல் அங்கே கட்டாயப் பாடம். மாணவர்கள் சில நாட்கள் கிராமங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். அந்நிறுவனம் நடத்துகிற ‘ஸாட்’ நுழைவுத்தேர்வில், கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றோடு ‘முடிவெடுத்தல்’ என்று ஒரு தனிப்பகுதியே உண்டு. ஒரு மேலாளர், ஒரு சிக்கல், அதில் பலரின் நலன்கள் மோதுகின்றன. எது ஏற்கத்தக்க முடிவு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளில் பல வணிகத் தர்க்கம் மட்டும் போதும் என்கிற வகை. சில கேள்விகளுக்குத்தான் மனசாட்சி வேண்டும். கோச்சிங் சென்டர்கள் அந்த மனசாட்சிக்கும் குறுக்குவழி சொல்லித் தருகின்றன என்பது வேறு கதை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் மற்ற இடங்களில் என்ன கற்பிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1970-இல் மில்டன் ஃப்ரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்றது. பிறகு வந்த பல பத்தாண்டுகளுக்கு வணிகப் பள்ளிகளின் பாடநூல்கள் இந்தத் தளத்தில்தான் எழுந்தன. கொல்கத்தாவில் பிறந்து லண்டன் பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியராக இருந்த சுமந்திர கோஷல், இதனால் விளைந்த கேட்டை ஒரு கட்டுரையில் விவரித்தார்; அவர் மறைவுக்குப் பின் 2005-இல் அது வெளியானது. மனிதர் சுயநலமி, மேலாளரை நம்பக் கூடாது, கண்காணிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்தால், படித்து வெளியே வருகிறவர்கள் அந்தக் கோட்பாட்டுக்கு ஏற்பவே நடக்கத் தொடங்குவார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நெறியை விலக்கிவிட்டு அறிவியல்போல் காட்டிக்கொண்ட கல்வி, மாணவர்களை நெறிப் பொறுப்பிலிருந்தே விடுவித்துவிட்டது என்றார். கோஷல் மதம் சார்ந்து பேசவில்லை. ஆனால் அவர் காட்டிய வெற்றிடத்தில் வைப்பதற்குச் சேசு சபையாரின் கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

அந்த அளவுகோலை வைத்து உண்மையிலேயே தொழில் நடத்த முடியுமா? ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொந்திராகோன் என்ற சிற்றூர் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து நொந்துகிடந்த அந்த ஊருக்கு 1941-இல் அரிஸ்மெந்தியரியெத்தா என்ற இளம் பாதிரியார் வந்தார். 1943-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததோடு, மூலதனத்தைவிட உழைப்பே மேலானது என்ற திருச்சபைப் போதனையையும் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த ஐந்து பேர் 1956-இல் ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். பிறகு சொந்த வங்கி வந்தது, 1997-இல் பல்கலைக்கழகமும் வந்தது. இன்று அந்தக் கூட்டுறவுக் குழுமத்தில் ஏறக்குறைய 70,000 பேர் வேலை பார்க்கிறார்கள். உறுப்பினர்களே உரிமையாளர்கள், ஒருவருக்கு ஒரு வாக்கு. ஒரு கூட்டுறவில் மிகக் குறைந்த சம்பளத்துக்கும் மேலதிகாரியின் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி பொதுவாக ஆறு மடங்குக்குள். அமெரிக்கப் பெருநிறுவனங்களில் இது நூற்றுக்கணக்கான மடங்கு. குறைகளும் உண்டு. குழுமத்தின் புகழ்பெற்ற வீட்டுச்சாதன நிறுவனமான ஃபாகோர் 2013-இல் திவாலானது. வெளிநாட்டு ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் உறுப்பினர்கள் ஆக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபாகோர் விழுந்தபோது அதன் உறுப்பினர்களில் பலர் குழுமத்தின் மற்றக் கூட்டுறவுகளில் வேலை பெற்றார்கள். வகுப்பறையில் சொன்ன ஒரு கோட்பாடு எப்படிச் சம்பளப் பட்டியலாக மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே நியாயமான முதல் ஆட்சேபம் எழுகிறது. கிறிஸ்தவக் கல்வி பெற்றவர்கள் மோசடி செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கிளின்டன் நகரில் இருக்கிறது பாப்டிஸ்ட் சபையின் மிசிசிப்பி கல்லூரி. அங்கே படித்தவர் பெர்னார்ட் எபர்ஸ். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர். அவர் வளர்த்த வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தலைமையகமும் அதே கிளின்டனில்தான் இருந்தது. 2002-இல் அது கவிழ்ந்தபோது வெளிப்பட்ட பொய்க்கணக்கு ஏறத்தாழ 1,100 கோடி டாலர். எபர்ஸுக்கு 25 ஆண்டுச் சிறை. மோசடியைத் துருவிக் கண்டுபிடித்தவர் நிறுவனத்தின் உள்தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பர். அவர் கணக்கியல் படித்தது மிசிசிப்பி அரசுப் பல்கலைக்கழகத்தில். சமயக் கல்லூரியில் படித்தவர் கணக்கைத் திரித்தார், அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அதை நிமிர்த்தினார் என்று சொல்லிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது. ஆனால் எபர்ஸ் அந்தக் கல்லூரியில் படித்தது உடற்கல்வி. தனிமனிதப் பக்தி அவரிடம் நிறையவே இருந்தது; காலாண்டு லாபத்தை எதிர்த்துக் கேள்வி கேட்கிற பயிற்சி இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் வேறுவேறு என்பதைத்தான் இந்த வழக்கு நிரூபிக்கிறது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. டொனால்ட் மெக்கேப் தலைமையிலான ஆய்வாளர்கள் அமெரிக்கா, கனடா நாடுகளின் 32 கல்வி நிறுவனங்களில் 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வணிக முதுநிலை மாணவர்களில் 56 விழுக்காட்டினர் படிப்பில் ஏதோவொரு மோசடி செய்ததை ஒப்புக்கொண்டார்கள். மற்றத் துறையினரில் 47 விழுக்காட்டினர். இந்த வித்தியாசத்தைவிட முக்கியமானது, எது மோசடியைத் தூண்டுகிறது என்பதற்குக் கிடைத்த விடை. கூடப் படிப்பவர்கள் செய்கிறார்கள் என்று மாணவர் நினைத்தால் அவரும் செய்கிறார். மற்றக் காரணங்களைவிட இதன் வலு அதிகம். ஆகவே ஒருவர் எந்த வேதத்தை நம்புகிறார் என்பதைவிட, வகுப்பில் எது சாதாரணமாகக் கருதப்படுகிறது என்பதே கணக்கில் வரும். அந்தச் சூழலை அமைப்பது நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: இதற்கெல்லாம் மதம் எதற்கு? வர்கீஸ் குரியன் சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் படித்தவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர் ஆனந்தில் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனமான இர்மா, விவசாயிகளின் கூட்டுறவுகளுக்கென்றே மேலாளர்களை உருவாக்கியது. அது பிறந்த 1979-இல்தான் லயோலா வளாகத்தில் ‘லிபா’ என்கிற வணிக மேலாண்மை நிறுவனமும் பிறந்தது. யாருக்காக மேலாண்மை என்ற கேள்விக்கு அந்த ஆண்டில் நேரடியான பதிலைச் சொன்னது சமயச் சார்பற்ற இர்மாதான் என்று எவராவது வாதிட்டால் என்னால் எளிதில் மறுக்க முடியாது. நெறிக்கு மதத்தின் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் குரியன் போன்ற ஒருவர் போன பிறகும் ஒரு நிறுவனத்தில் கேள்வி உயிரோடு இருக்க வேண்டுமானால், அது எங்காவது எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். கிறிஸ்தவ நிறுவனங்களில் அது எழுதப்பட்டிருக்கிறது. முதல்வர் மாறினாலும் நன்கொடையாளர் மாறினாலும் அதை யாராலும் அழித்துவிட முடியாது.

மதமாற்ற அச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசு ஏற்பு அல்லது உதவி பெற்ற நிறுவனங்களில் ஒருவரின் சம்மதமின்றி, சிறாரானால் பாதுகாவலரின் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்று அரசமைப்பின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. ஊதியத் தளம் பற்றிய வாதத்தை எடைபோட ஞானஸ்நானம் வேண்டியதில்லை. நெறி படித்தால் வேலை கிடைக்காது என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் நோட்ர் டேம் பல்கலைக்கழகம் 1921-இல் வணிகக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஒரு பாதிரியார், பின்னாளில் கர்தினால் ஆன ஜான் ஓஹாரா. அந்தக் கல்லூரி ப்ளூம்பெர்க் இதழின் இளநிலை வணிகப் படிப்புத் தரவரிசையில் 2010 முதல் 2014 வரை தொடர்ந்து முதலிடம் பெற்றது.

எனக்குப் பதில் கிடைக்காத ஆட்சேபம் கட்டணம். எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யில் இரண்டாண்டுப் படிப்புக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. வங்கிக் கடனில் படித்தவர் படிப்பு முடிந்த சிறிது காலத்திலேயே தவணை கட்டத் தொடங்க வேண்டும். அவரால் ஒரு மீனவர் கூட்டுறவிலோ தொழிற்சங்கத்திலோ வேலைக்குச் சேர முடியாது. நெறி வகுப்பில் ஏழையின் பக்கம் நில் என்று சொல்லிவிட்டு, கட்டண ரசீதில் பெரிய சம்பளத்தின் பக்கம் ஓடு என்று சொல்வது முரண். உலகத் தரமான ஆசிரியர்களுக்கும் வசதிகளுக்கும் செலவாகிறது, அரசு உதவி இல்லை என்பது நிர்வாகங்களின் விளக்கம். விளக்கம் சரிதான். ஆனால் சமூக நோக்கமுள்ள வேலைக்குப் போகிறவரின் கடனைக் கழித்துவிடுகிற நிதியம் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதே அந்த நோக்கத்தின் உண்மையான எடை.

இதோடு சேர்ந்ததுதான் இடஒதுக்கீடு. 2005-ஆம் ஆண்டின் 93-வது அரசமைப்புத் திருத்தம் தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சட்டப்படி கிறிஸ்தவ நிறுவனங்கள் தலித் மாணவர்களுக்கு இடம் ஒதுக்கக் கட்டாயம் இல்லை. அவற்றின் சொந்த அளவுகோல்படி கட்டாயம் உண்டு. திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் கல்லூரி இடங்களிலும் பணியிடங்களிலும் பங்கு கேட்டுப் பல்லாண்டுகளாகப் போராடுகிறார்கள். அவர்களுக்குக் கைகொடுப்பது அதே சுற்றுமடல்களும் அதே போதனையும். சட்டம் விட்டுவிட்ட இடத்தில் ஒரு நிறுவனத்தை அதன் சொந்த எழுத்தைக் காட்டியே மடக்க முடிவது சின்ன விஷயம் இல்லை. சமூகப் பொறுப்பு என்பதை விளம்பரப் பலகையில் மட்டும் வைத்திருக்கிற தனியார் வணிகப் பள்ளியிடம் இப்படிக் கேட்க என்ன இருக்கிறது?

ஆகவே பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களும், தாங்களே சேரப் போகிறவர்களும் பெயர்ப்பலகையில் உள்ள புனிதரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நெறியியல் பாடத்துக்கு மதிப்பெண் உண்டா, இல்லை சனிக்கிழமை மதியச் சொற்பொழிவோடு சரியா என்று கேளுங்கள். தொழிலாளர் சட்டத்தை நடத்துகிறவர் ஒரு சங்கத்தாரோடு எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். போன ஆண்டு எத்தனை பேருக்குக் கட்டணச் சலுகை கொடுத்தார்கள், அவர்கள் யார் என்று கேட்கத் தயங்காதீர்கள். வளாகத்தைக் கூட்டுகிறவர்களும் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர்களும் கல்லூரியின் ஊழியர்களா, ஒப்பந்தக்காரரின் ஆட்களா, அவர்களுக்குச் சேமநல நிதி பிடிக்கப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.